அறுபத்தொன்பதாவது நிமிடம்

ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டரில்
இரண்டு அடித்தல்கள்.
முதலில் சனிக்கிழமை, மூன்று மணி.
அப்புறம் ஞாயிறு, உச்சிவேளை.
கடைசியில் வெள்ளி, இரவு ஏழே முக்கால்.
'ஒளிபரப்புக் காரணங்களுக்காக' என்று
ஒற்றை வரி.
கல்யாணத் தேதியை மாற்றினால்கூட
நாலு பேரிடம் கேட்பார்கள்.

மூன்று மாதம் முன்பே எடுத்த
சனிக்கிழமை ரயில் சீட்டுகள்
மலிவானவை,
ஆகவே பணம் திரும்பாதவை.
இழுப்பறையில் கிடக்கின்றன
மடிப்புக் கலையாமல்.

இன்வர்னஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
வெள்ளி மாலை என் முறை.
கேட்ரியோனாவிடம் மாற்றிக்கொண்டேன்
ஒரு புத்தாண்டு இரவைப் பதிலுக்குக் கொடுத்து.
முர்டோ மீன் லாரியை
மைத்துனன் கையில் விட்டுவிட்டு வந்தார்.
எஃபி தன் மகன் லாக்லனுக்கு
பள்ளியில் சொன்ன காரணம்: பல்வலி.
அவனும் பாதி வழிவரை
கன்னத்தைப் பிடித்தபடியே வந்தான்.

போன வருடம் இதே மைதானத்துக்கு
ஐந்து பேருந்து நிறைய வந்தோம்.
இன்று ஒன்றுகூட நிறையவில்லை என்று
அதையும் ரத்து செய்துவிட்டார்கள்.
கர்க்கால்டியிலிருந்து வடக்கே
கடைசி ரயில் ஒன்பது இருபது.
நடுவர் விசில் ஊதுவதோ
ஒன்பதரைக்கு மேல்.
இந்தக் கணக்கை
யாரும் போட்டுப் பார்க்கவில்லை;
போட்டவர்களுக்கு
வீட்டிலேயே சோபா இருந்திருக்கும்.

அறுபத்தொன்பதாவது நிமிடம்.
சைபருக்குச் சைபர்.
எழுந்தோம்.
சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்
கிளம்புகிறவர்களைப் போல
முழங்கால்களை உரசிக்கொண்டு
வரிசையாக வெளியே.
முர்டோ மட்டும் படியில் நின்று
ஒரு கார்னர் முடியும்வரை பார்த்தார்.
அதுவும் வீணாய்ப் போனது.

நடைமேடை.
கடலிலிருந்து வரும் காற்று
காதுமடலைத் தேடிக் கடிக்கிறது.
தண்டவாளத்துக்கு அந்தப்புறம்
விளக்குக் கோபுரங்கள் நாலும்
எங்கள் முதுகுப்பக்கம் எரிகின்றன.
ஐயாயிரம் பேரின் பாட்டு
ஓங்குகிறது, தாழ்கிறது,
ஓங்குகிறது,

நின்றது.

அப்படி ஒரு மௌனத்தை
அயலூர் ரசிகனுக்கு மட்டும்தான் தெரியும்.
அறுத்தாற்போல் ஒரு மௌனம்.
அதன் ஒரு மூலையில்
மெல்லிய, கிறீச்சிட்ட, நம்முடைய சத்தம்:
பேருந்தும் ரயிலும் நம்பாமல்
காரில் வந்த ஐம்பது தொண்டைகள்.

"நம்மளோடது," என்றான் லாக்லன்.

முர்டோவின் கைபேசியில்
பந்து இன்னும் நடுக்கோட்டில்தான் உருள்கிறது.
அதே சேனல்தான்.
மாதாமாதம் அவரும் பணம் கட்டுகிறார்
தன் சனிக்கிழமையை விற்றவனுக்கே.
முப்பது விநாடி தாமதம்.
அந்த முப்பது விநாடியும்
நாங்கள் நாலு பேரும் குறிசொல்லிகள்.
"இப்போ இடதுபக்கம் போவான் பாரு."
போகவில்லை. வலதுபக்கம் போனான்.
ஆனாலும் கோல்.
நடந்து முடிந்ததைக் கண்டு
நடைமேடையில் குதித்தோம்.
ரயில்வே ஊழியர் ஒருவர் கொடியை இறக்கிவிட்டு
எங்களையே பார்த்தார்.

கேமரா திரும்பியது எங்கள் பகுதிக்கு.
காலி இருக்கைகள்.
வெள்ளிக்கிழமை இரவு பாருங்கள்,
ஆதரவு கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது என்று
வர்ணனையாளர் வருத்தப்பட்டார்.
சூடான அறையில் உட்கார்ந்திருக்கும் குரல்.

"அம்மா, என் மஃப்ளர்!"
மூன்றாம் வரிசை, நாற்காலி முதுகில்
சிவப்பும் நீலமுமாய்,
காற்றில் ஒரு முனை தூக்கி,
இறக்கி.
எஃபி தலைப்படவில்லை.
அவ்வளவு தூரம் இனி யார் ஓடுவது?
ரயிலின் விளக்கு ஏற்கெனவே
வளைவில் தெரிந்தது.

பெர்த்துக்கு அப்புறம் சிக்னல் இல்லை.
வென்றோமா, சமன் ஆனோமா,
மலைகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாது.
லாக்லன் வாய் திறந்து தூங்கினான்.
பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை.
ஒரு மணிக்குக் கால் தானாகவே
ஷூவைத் தேடிற்று.
கயிறுகூடக் கட்டிவிட்டேன்.
மூன்று மணிக்கு
எங்கும் ஒன்றுமில்லை.
குப்பைப் பையை எடுத்துக்கொண்டு
தெருமுனைவரை
போய் வந்தேன்.